ஊரடங்கு நீங்கியதை அறியாத கணினி

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி இரவை நுகேகொடைவாசிகள் எளிதில் மறக்கமாட்டார்கள். அன்று பதின்மூன்று மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. இருளையும் புழுக்கத்தையும் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்த மக்கள் மிரிஹானவில் ஜூபிலி கணுவச் சந்தியில் திரண்டு, அப்போதைய சனாதிபதியின் தனிப்பட்ட இல்லம் அமைந்திருந்த வீதியை நோக்கிச் சென்றார்கள். இரவோடிரவாக நுகேகொடை உள்ளிட்ட பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் அதிகாலை 5 மணிக்கு அது நீக்கப்பட்டது.

அது நீக்கப்பட்ட செய்தி எனக்குக் காலை ஒன்பது மணி வரை தெரியாது. இரவு பார்த்தவற்றை மடிக்கணினியில் குறித்து வைத்துவிட்டு, அதன் மூடியைச் சாத்திவிட்டுப் பின்னிரவில் உறங்கப் போனேன். கைத்தொலைபேசி சட்டைப் பையிலேயே உயிரை விட்டிருந்தது. காலையில் எழுந்தவன் ஊரடங்கு நீடிக்கின்றது என்ற நினைப்பில் பாண் வாங்கக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மரக்கறிப் பையுடன் திரும்பி வருவதைக் கண்ட பின்னரே உண்மை விளங்கிற்று. முப்பது வருடம் செய்தியோடு சீவித்தவனுக்கே செய்தி எட்டவில்லை.

அதே காலையில் என் கணினியும் அதே தவறைச் செய்துகொண்டிருந்தது என்பதை இரண்டு வாரங்கள் கழித்துத்தான் அறிந்தேன். இக்கட்டுரை அதைப் பற்றியது.

2009இல் தயாரிக்கப்பட்ட, பாவித்த மடிக்கணினி ஒன்றைச் சில வருடங்களுக்கு முன்னர் வாங்கியிருந்தேன். வெள்ளவத்தையில் இருக்கும் என் சகோதரியின் மகன் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தந்தான். தட்டச்சு, மின்னஞ்சல், பழைய பத்திரிகைப் பக்கங்களின் படங்கள் ஆகியவை தவிர அதனிடம் நான் வேறெதையும் எதிர்பார்த்ததில்லை. அன்று காலை அதன் மூடியைத் திறந்தபோது திரை வந்தது. விட்ட இடத்திலேயே கட்டுரை நின்றது. ஆனால் ஒரு சொல்லைத் தட்டினால் எழுத்துகள் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்தை உருட்டினால் அது படி ஏறும் முதியவர் போல நின்று நின்று நகர்ந்தது. கணினியை முற்றாக நிறுத்தி மீண்டும் இயக்கினால் பழைய வேகம் திரும்பிவிடும். அடுத்த மின்வெட்டுக்குப் பின் மறுபடியும் அதே கதை.

திருத்துமிடம் ஒன்றில் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “மதர்போட் போய்விட்டது, வேறொன்று வாங்குங்கள்” என்றார்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ அண்மித்த காலம் அது. வேறொன்று வாங்குவது என்பது பேச்சுக்குக்கூட இடமில்லாத காரியம். கணினி இல்லையென்றால் பத்தி இல்லை, பத்தி இல்லையென்றால் மாத முடிவில் வந்துகொண்டிருந்த சிறு தொகையும் இல்லை. ஆகவே கலைப் பட்டதாரியான நான், எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு துறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

*

கணினியின் மூளையாகிய புரொசஸர் ஒரு துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கின்றது. ஒரு வினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதை இலங்கைப் பாடசாலைப் பௌதிகவியலில் மீடிறன் என்று படித்தோம். தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பர். மீடிறன் கூடினால் வேகம் கூடும், வெப்பமும் பற்றரிச் செலவும் கூடும். செலவாகும் வலு மீடிறனுக்கு நேர் விகிதமாகவும், கொடுக்கப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதமாகவும் இருக்கும் என்பது பொது விதி. மீடிறனைக் குறைத்தால் குறைந்த அழுத்தத்திலேயே இயக்கலாம். எனவே இரண்டையும் சேர்த்துக் குறைப்பதில் இலாபம் அதிகம்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்தச் சிக்கனமெல்லாம் அலுவலகக் கணினிகளுக்கு இல்லை. 1996இன் வரட்சியில் நீர்மின் நிலையங்கள் வற்றி நாடு முழுவதும் மின்வெட்டு அமுலானபோது, மேசைக் கணினிகள் துயிலவில்லை, இறந்தன. சேமிக்காத பந்திகள் அவற்றோடு போயின. 2001–2002 மின்வெட்டுக் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறியிருக்கவில்லை. ஆயின், இயந்திரத்தைக் கொல்லாமல் உறங்கவைக்கும் கலையை உலகம் அதற்கு முன்னரே கற்கத் தொடங்கியிருந்தது.

1990இல் இன்ரெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்கென்றே 386 எஸ்எல் என்ற புரொசஸரை வெளியிட்டது. இயங்குதளம் அறியாமலே பின்னணியில் வேலை செய்யக்கூடிய ஓர் இரகசிய நிலை அதில் இருந்தது. மின் சிக்கன அலுவல்களை பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருள் அந்த இரகசிய அறையில் இருந்து நடத்தியது. 1992இல் இன்ரெலும் மைக்ரோசொப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற ஒழுங்குமுறையை வகுத்தன. அதிலும் எசமான் பயோஸ்தான். இயங்குதளம் வேண்டுகோள் விடுக்கலாம், அவ்வளவே.

1996 டிசம்பரில் இன்ரெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய மூன்றும் ஏசிபிஐ என்ற புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டன. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்ற முடிவுகள் இயங்குதளத்தின் கைக்கு வந்தன. எனினும் அம்முடிவுகளுக்கு வேண்டிய அட்டவணைகளை எழுதிக் கொடுக்கும் பொறுப்பும், சில தடைகளை விதிக்கும் உரிமையும் அடிப்படை மென்பொருளிடமே விடப்பட்டன. அதிகாரத்தைப் பரவலாக்கி, ஆனால் முழுவதையும் கொடுக்காத ஏற்பாடு எப்படி இயங்கும் என்பதை இலங்கை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மீடிறனை ஏற்றி இறக்கும் கதை 2000ஆம் ஆண்டில் சூடு பிடித்தது. அவ்வருட சனவரியில் இன்ரெல் ‘ஸ்பீட்ஸ்டெப்’ வசதியுடன் மடிக்கணினிக்கான பென்ரியம் 3 புரொசஸர்களைக் கொணர்ந்தது. 650 மெகாஹேர்ட்ஸ் புரொசஸர் மின்னிணைப்பில் 1.6 வோல்ற்றில் முழு வேகத்தில் ஓடும். பற்றரிக்கு மாறினால் 1.35 வோல்ற்றில் 500 மெகாஹேர்ட்சாகக் குறையும். மேலே சொன்ன விதியின்படி கணக்கிட்டுப் பார்த்தால், வேகத்தில் கால் பங்குக்கும் குறைவாக இழந்து வலுச் செலவில் ஏறத்தாழ 45 சதவீதத்தை மிச்சம் பிடிக்கலாம். அதே சனவரியில் ட்ரான்ஸ்மெற்றா நிறுவனம் ‘லோங்ரன்’ நுட்பத்தை அறிமுகப்படுத்தியது. லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோவால்ட்ஸ் அப்போது பணியாற்றியது அங்கேதான். ஏஎம்டி நிறுவனமும் அவ்வருடத்திலேயே ‘பவர்நவ்’ என்ற பெயரில் களமிறங்கியது. ஏசிபிஐயின் இரண்டாம் பதிப்பும் 2000இலேயே வெளியாகி, இவ்வேகப் படிகளை விபரிக்கும் பொது மொழியை வகுத்தது.

அப்பொது மொழியில் ஒரு சிறு வாசகம் உண்டு. “இப்போதைக்கு இந்தப் படிக்கு மேல் ஏறாதே” என்று அடிப்படை மென்பொருள் இயங்குதளத்துக்குச் சொல்லலாம். பற்றரி பலவீனமாக இருக்கலாம், சார்ஜர் இணைக்கப்படாதிருக்கலாம், வெப்பம் கூடியிருக்கலாம். காரணம் நீங்கியதும், “தடை மாறிவிட்டது, மீண்டும் வந்து பார்” என்று மணியடிக்க வேண்டியதும் அதன் கடமை. நம் கதை இந்த மணியில்தான் தொங்குகின்றது.

*

லினக்ஸில் மீடிறனை ஆளும் பகுதிக்கு ‘சிபியூஃப்ரெக்’ என்று பெயர். 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் பதிப்பின் வழியே அது பரவலாக மக்களை அடைந்தது. எந்த வேகத்தில் ஓடுவது என்ற கொள்கையை வகுப்பவற்றை அங்கே ‘கவர்னர்’ என்பர், தமிழில் ஆளுநர். எப்போதும் உச்சத்தில் ஓட்டுவார் ஓர் ஆளுநர், எப்போதும் அடிமட்டத்தில் வைத்திருப்பார் இன்னொருவர். வேலை வந்தவுடன் உச்சத்துக்குத் தாவி, ஓய்ந்ததும் இறக்கும் ‘ஒன்டிமாண்ட்’ என்ற ஆளுநர் 2004இல் 2.6.9ஆம் பதிப்பில் சேர்ந்தார். அதை உருவாக்கியோருள் முதன்மையானவர் வெங்கடேஷ் பள்ளிபாடி. 2006இல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் அவரும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் அதைப் பற்றிக் கட்டுரை சமர்ப்பித்தார்கள்.

ஏறுவதும் இறங்குவதும் இவ்வாறு ஒழுங்காயின. சிக்கல் உறக்கத்தில் வந்தது.

மூடியைச் சாத்தும்போது நிகழும் ஆழ்ந்த உறக்கத்தில் நினைவகத்துக்கு மட்டுமே மின் கிடைக்கும். புரொசஸர் முற்றாக அணைந்துவிடும். அதன் உள்ளே இருந்த நிலைகள் யாவும் அழியும். விழிக்கும்போது அது பிறந்த குழந்தையாகவே விழிக்கின்றது. முதலில் அடிப்படை மென்பொருள் எழுந்து தன் அலுவல்களைச் செய்து, பின்னர் இயங்குதளத்தை எழுப்பும். ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் உள்ள புரொசஸராயின், உறங்குமுன் முதற்கருவைத் தவிர்ந்த ஏனையவற்றை லினக்ஸ் வேலையிலிருந்து விலக்கிவிடும். விழித்த பின் அவற்றை மீண்டும் பணியில் சேர்க்கும். அதற்குள் அவற்றுக்கென நாம் இட்டிருந்த ஆளுநர் போய், வேறோர் ஆளுநர் வந்திருப்பதும் உண்டு. இரவுப் பணி ஆசிரியர் எழுதி வைத்த குறிப்புத் தொலைந்துபோக, காலைப் பணியாளர் பழைய வழக்கப்படி பக்கம் கட்டுவதைப் பத்திரிகை அலுவலகங்களில் நாங்கள் கண்டிருக்கின்றோம். அது போன்ற காரியமே இது.

இக்குறையைத் தீர்க்க 2013இல் நடந்த முயற்சி என்னை மிகவும் கவர்ந்தது. அப்போது ஐபிஎம்மில் பணியாற்றிய சிறிவத்ச பட் என்ற பொறியாளர், உறங்கி விழித்த பின்னும் இக்கோப்புகளுக்கு நாம் வழங்கிய அனுமதிகள் அழியாதிருக்க ஒரு திருத்தத்தை எழுதினார். அது ஏற்கப்பட்டது. ஆனால் உறங்கி விழித்த பின் மீடிறன் ஆட்சியில் வேறு பல விடயங்கள் சத்தமில்லாமல் பழுதடைவது பின்னர் தெரியவந்தது. தம் திருத்தத்தைத் தாமே மீளப் பெற்றுக்கொண்டு, காரணத்தையும் வெளிப்படையாக எழுதி வைத்தார் அவர். பின்னர் அதே ஆண்டில் வேறு வழியில் அதை மீண்டும் செய்து முடித்தார். அடுத்த ஆண்டு விரேஷ் குமார் என்ற இன்னொரு பொறியாளர், உறக்கத்தின்போது ஆளுநர்களை ஒழுங்காக நிறுத்தி மீண்டும் தொடக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தார். நேற்று அச்சிட்டது பிழை என்று இன்றைய பத்திரிகையில் நான்கு வரி போடுவதற்கு எத்தனை கூட்டம் கூடுவோம் என்பதை அறிந்தவன் நான். அந்த மீளப் பெறலைப் படித்தபோது சற்று வெட்கமாகவே இருந்தது.

*

இவ்வளவையும் படித்த பின் ஒரு ஞாயிறு மாலை மருமகனுடன் தொலைபேசியில் உட்கார்ந்தேன். கணினி அப்போதும் விழித்த மயக்கத்திலேயே இருந்தது. அதை நிறுத்தி இயக்கினால் நோய் மறைந்துவிடும் என்பதால், நோய் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றான் அவன்.

‘சிபியூஃப்ரெக்’ கோப்புறையில் மூன்று சிறு கோப்புகளை வாசிக்கச் சொன்னான். முதலாவது, ஆளுநர் யார் என்பது. ‘ஒன்டிமாண்ட்’ என்றே இருந்தது. ஆகவே குறிப்புத் தொலையவில்லை. இரண்டாவது, புரொசஸரால் எட்டக்கூடிய உச்ச வேகம். 2400000 என்று இருந்தது. இந்த எண்கள் கிலோஹேர்ட்சில் வருவன, அஃதாவது 2.4 கிகாஹேர்ட்ஸ். மூன்றாவது கோப்பின் பெயர் ‘பயோஸ் லிமிட்’. அதில் 800000 என்று இருந்தது.

மறுமுனையில் சிறிது மௌனம். பின்னர் கேட்டான்: “மாமா, நித்திரையிலை இருக்கேக்க சார்ஜரைப் போட்டனீங்களோ?”

மின் எப்போது திரும்பினாலும் சார்ஜரைச் செருகிவிடுவது என் மனைவியின் வழக்கம். மார்ச் 31 இரவிலும் அப்படித்தான் நடந்தது.

“அப்ப பிளக்கைக் கழற்றிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ. ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம்.”

கழற்றினேன். பத்து வினாடி பொறுத்து மீண்டும் செருகினேன். அதே கோப்பை வாசித்தபோது 2400000 என்று வந்தது. தட்டச்சு செய்தேன், எழுத்துகள் விரலோடு கூடவே ஓடி வந்தன. பதின்மூன்று வருடப் பழசு ஒரு கணத்தில் தன் மூன்று மடங்கு வேகத்தைத் திரும்பப் பெற்றது. செலவு ஒரு சதமும் இல்லை.

நடந்தது இதுதான். பற்றரியில் ஓடும்போது, “800 மெகாஹேர்ட்சுக்கு மேல் போகாதே” என்று அடிப்படை மென்பொருள் தடை விதித்தது. அந்தத் தடையோடு கணினி உறங்கிற்று. உறங்கும்போது சார்ஜர் வந்தது, தடைக்கான காரணம் நீங்கியது. ஆனால் அச்செய்தியைக் கேட்க இயங்குதளம் விழித்திருக்கவில்லை. விழித்த பின் மீண்டும் மணியடிக்க அடிப்படை மென்பொருள் மெனக்கெடவும் இல்லை. ஆகவே நீக்கப்பட்ட ஓர் ஊரடங்குக்குக் கணினி கீழ்ப்படிந்துகொண்டிருந்தது, என்னைப் போலவே. பிளக்கைக் கழற்றிச் செருகியது பக்கத்து வீட்டுக்காரர் மரக்கறிப் பையுடன் வந்தது போன்ற காரியம்.

அடிப்படை மென்பொருளின் இத்தடையை ஒருபோதும் மதிக்க வேண்டாம் என்று லினக்ஸுக்குச் சொல்லவும் ஒரு கட்டளை உண்டு. ஏசிபிஐயில் அத்தடைக்கு இடப்பட்ட குறியீட்டைத் தமிழில் எழுதினால் ‘பீபீசீ’ என்றுதான் வரும். பீபீசீயைப் புறக்கணிக்கும்படி மருமகன் சொன்னபோது, தமிழோசை கேட்டு வளர்ந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேனே தவிர அதைச் செய்யவில்லை. சில தடைகள் நியாயமானவை. வலுக் குறைந்த சார்ஜரையோ நலிந்த பற்றரியையோ காப்பதற்காகவும் அவை விதிக்கப்படலாம். தடை தவறு அன்று; தடை நீங்கியதை அறிவிக்காததே தவறு. ஆகவே, முதலில் கணினியை எழுப்பிவிட்டுப் பின்னர் சார்ஜரைச் செருகுவது என்ற வழக்கத்துக்கு எங்கள் வீடு மாறிக்கொண்டது.

இதே நோய் உள்ள வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதாயின்: நோய் இருக்கும்போதே பாருங்கள். ஆளுநர் மாறியிருந்தால் அவரை மீண்டும் நியமியுங்கள். பயோஸ் தடை தாழ்ந்திருந்தால் சார்ஜரைக் கழற்றிச் செருகுங்கள். தயாரிப்பாளர் பயோஸுக்குப் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வேகம் எழவில்லையென்றால், புரொசஸரின் வெப்பப் பாதுகாப்பு அதை அமுக்கி வைத்திருக்கக்கூடும். விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சில கணினிகளில் தன் சொந்தச் சார்ஜர் என்று அடையாளம் காணாதபோதும் அடிப்படை மென்பொருள் அதே பாதுகாப்பை இழுத்துவிடுவதுண்டு. ஆகவே வேறொரு சார்ஜரையும் போட்டுப் பாருங்கள். 2013க்குப் பின் லினக்ஸில் இன்ரெல் புரொசஸர்களுக்கெனத் தனி இயக்கி வந்துவிட்டதால், புதிய கணினிகளில் ‘பயோஸ் லிமிட்’ கோப்பு இல்லாமலும் இருக்கலாம். சார்ஜர், வெப்பம் பற்றிய சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும். இவற்றையெல்லாம் பார்த்த பின்னர் மதர்போட்டைக் குறை சொல்லலாம்.

2022 ஏப்ரல் முதலாம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, ஐந்தாம் திகதி இரவு மீளப் பெறப்பட்டது. அதைப் பற்றிய பத்தியை அந்தக் கணினியில்தான் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து காத்திருந்து, அதன் மதர்போட் சாகப் போகின்றது என்று நம்பிக்கொண்டு. இக்கட்டுரையையும் அதிலேயே எழுதுகின்றேன். சற்றுமுன் மின் போய் வந்தது. மூடியைத் திறந்த பிறகே மனைவி சார்ஜரைச் செருகினார்.